எரிமலை ஏறியவரும் ராயபுரத்து மாடியும்

முகம்மது கவுஸ் அமீருதீன். பிறப்பு 1913, இறப்பு 1959.

தண்டையார்பேட்டையில், டோல்கேட்டுக்கு அருகே, துறைமுகத்திலிருந்து வரும் சரக்கு ரயில் பாதையை ஒட்டிய சந்தில் வாழ்ந்தவர். வண்ணாரப்பேட்டை நடைபாதையில் துணி விற்றவர். சுமத்திராத் தீவில் மராப்பி என்னும் எரிமலையின் உச்சிக்குப் பலமுறை ஏறி இறங்கியவர். இம்மூன்று செய்திகளுள் முதல் இரண்டை எல்லோரும் நம்பினர். மூன்றாவதை நம்பியவர் அஜீசுன்னிசா என்னும் பெண்மணி ஒருவரே. அவரையே மணந்துகொள்ள வேண்டும் என்று அமீருதீன் விரும்பினார். அதற்கு வேறு தடை எதுவும் இல்லை. ஓடு வேய்ந்த ஒரு கூரைதான் குறுக்கே நின்றது. அதை விளங்கிக்கொள்ள, அவருக்கும் கூரைகளுக்கும் ஏற்பட்ட பகையை முதலில் சொல்ல வேண்டும்.

1938ஆம் ஆண்டு, தாய்மாமன் அத்தாவுல்லா சாகிபு அழைத்ததன்பேரில் அமீருதீன் கப்பலேறினார். பாடாங் துறைமுகத்திலிருந்து மலைப்பாதையில் மேலே சென்றால் வரும் பாடாங் பாஞ்சாங் என்ற ஊரில் மாமனுக்குத் துணிக்கடை இருந்தது. அவ்வூரில் பூமி ஆடுவது, நம்மூரில் காகம் கரைவதைப் போன்ற சாதாரண நிகழ்ச்சி. பேசிக்கொண்டிருப்பவர்கள் எழுந்து வெளியே வருவார்கள். ஆடி முடித்ததும் உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். முதல்முறை ஆடியபோது, தமக்குப் பித்தம் ஏறிவிட்டதாக எண்ணி எலுமிச்சம்பழச் சர்பத்துக் கேட்டவர் அமீருதீன். போகப்போக அவரும் பழகிக்கொண்டார்.

ஜப்பானியர் ஆட்சியில் இருந்த 1943 ஜூன் மாதத்தில் ஒரு நாள், அடுத்தடுத்து இரண்டு பெரிய பூகம்பங்கள் வந்தன. விடியுமுன் ஒன்று வந்தது. ஊரே தெருவுக்கு வந்துவிட்டதால் கடைத்தெருவில் யாருக்கும் காயமில்லை. பொழுது விடிந்ததும் தேநீர்க்காரர் தெரு நடுவிலேயே அடுப்பு மூட்டிவிட்டார். கூட்டத்தைக் கண்ட அத்தாவுல்லா சாகிபுவுக்கு, கடையையும் தெருவிலேயே விரித்தால் என்ன என்று தோன்றியது. துணி அளக்கும் கஜக்கோலை எடுத்துவருமாறு மருமகனை உள்ளே அனுப்பினார். அமீருதீன் கோலைக் கையில் எடுத்த வேளையில் இரண்டாவது பூகம்பம் வந்தது. கூரை ஓடுகள் சரிந்தன. ஆனால் அவற்றுக்கு முன்பாகவே பரணில் இருந்த துணி மூட்டைகள் அவர்மேல் விழுந்து மூடிவிட்டன. ஓடுகள் மூட்டைகளின் மேல் விழுந்து நொறுங்கின.

மாமன் பதறிக்கொண்டு ஓடிவந்து கூப்பிட்டார். உள்ளிருந்து பதில் வந்ததும் நிம்மதி அடைந்தார். அக்கம்பக்கத்தார் உதவிக்கு வந்து மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தெருவுக்கு இழுத்தனர். போர்க்காலம், துணிக்குக் கடும் பஞ்சம். இழுத்த மூட்டை ஒன்று பிரிந்ததும், உதவிக்கு வந்தவர்கள் விலை கேட்கத் தொடங்கினர். கஜக்கோல் உள்ளே மாட்டிக்கொண்டதால் அத்தாவுல்லா சாகிபு முழங்கையால் அளந்து கொடுத்தார்.

“மாமு, மூச்சு முட்டுது!”

“கொஞ்சம் பொறுடா, இந்தப் பூப்போட்டது முடியட்டும்!”

கடைசி மூட்டை விற்ற பிற்பகலில் அமீருதீன் வெளியே வந்தார். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. கஜக்கோல் மட்டும் இரண்டாக முறிந்திருந்தது. மாமன் அதற்காக மனமார வருந்தினார்.

மூட்டைகளுக்கு அடியில் கிடந்த நேரத்தில் அமீருதீன் நிதானமாகச் சிந்தித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பூமி ஆடுவதால் யாரும் சாவதில்லை. தலைக்கு மேல் எதையாவது தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர்களே சாகிறார்கள். ஆகவே குற்றம் பூமியினுடையது அன்று, கூரையினுடையது. அன்றிலிருந்து அவர் எந்தக் கூரையின் கீழும் உறங்கவில்லை, உட்காரவும் இல்லை.

இந்த முடிவுதான் அவரை எரிமலைக்கு இட்டுச் சென்றது. ஊருக்கு வடக்கே மராப்பி புகைந்துகொண்டே நிற்கும். கூரையே இல்லாத இடம் அந்த வட்டாரத்தில் அதுதான் என்று அவர் கண்டுகொண்டார். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் காய்கறித் தோட்டக்காரர் ஒருவரை வழித்துணையாகக் கூட்டிக்கொண்டு ஏறினார். முதலில் ஈரம் சொட்டும் காடு. பிறகு மரங்கள் குட்டையாகி, முடிந்துபோகும். அதற்கு மேல் கரிய பொடிக்கல் சரிவு. இரண்டடி வைத்தால் ஓரடி கீழே வழுக்கும். உச்சியில் உழாத வயலைப் போன்ற சாம்பல் வெளி. அதன் நடுவே மலையின் வாய். கந்தக நெடி தாங்காமல் ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு அதன் ஓரத்தில் நிற்பார்.

ஒருமுறை அவர்கள் உச்சியில் இருந்தபோது மலை உறுமியது. கற்கள் தாமாகவே உருண்டன. தோட்டக்காரர் குப்புற விழுந்து ஓதத் தொடங்கினார். அமீருதீன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். தலை நிமிர்த்திப் பார்த்த தோட்டக்காரர், பயமாக இல்லையா என்று கேட்டார். “கீழே தரை இருக்கிறது, மேலே வானம் இருக்கிறது, இடையில் விழுவதற்கு என்ன இருக்கிறது?” என்றார் அமீருதீன். அதற்குப் பிறகு தோட்டக்காரர் அவரோடு வர மறுத்துவிட்டார். அவருடைய பயம் மலையிடம் அன்று, அமீருதீனிடம்.

1950இல் அமீருதீன் சென்னைக்குத் திரும்பினார். டோல்கேட் சந்தில் அவருடைய அக்காள் காத்தூன் பீவியின் வீடு இருந்தது. ஓட்டு வீடு. வந்த அன்றே கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்கு மட்டும் வாசற்படிக்கு வந்து, ஒரு காலை மட்டும் உள்ளே வைத்தபடி உட்காருவார்.

சரக்கு வண்டி போகும்போது அச்சந்தில் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் ஆடும். ஒவ்வொரு வண்டிக்கும் அமீருதீன் தெருவுக்கு ஓடினார். தனியாக ஓடமாட்டார், அருகில் இருப்பவரைக் காப்பாற்றுவது கடமை என்பதால் அவரையும் இழுத்துக்கொண்டு ஓடுவார். ஒருநாள் பாதி முகம் மழித்த நிலையில், கத்தியோடு நின்ற நாவிதரையும் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

எதிர்வீட்டு வேலப்பன் துறைமுகத்தில் கப்பல் சரக்கை இறக்கும் கூட்டம் ஒன்றுக்கு மேஸ்திரி. அவர் சிரித்துச் சிரித்துத் திண்டாடிப்போனார்.

“இன்னா மாமு, கூட்ஸ் வண்டிக்கே இந்த ஓட்டம் ஓடுறியே, மெயில் வண்டி வந்தா எங்க போவ?”

“வர்றது கூட்ஸா பூகம்பமான்னு உன் வூட்டு ஓட்டுக்குத் தெரியுமா, வேலப்பா? அதுக்கு ஆட்டம்னா ஆட்டந்தான்.”

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலின் திறந்த முற்றத்தில் தொழுகை முடிந்ததும் அவர் ரயில் பாதைக்கு அப்பால் இருந்த சாம்பல் மேட்டுக்குப் போவார். எஞ்சின்களிலிருந்து கொட்டிய நிலக்கரிச் சாம்பல் பனைமர உயரத்துக்குக் குவிந்து, உள்ளே கனிந்து, எந்நேரமும் புகைந்துகொண்டிருந்த மேடு அது. கைத்தடி ஊன்றி, மூக்கில் ஈரத்துணி கட்டி, மதியச் சோற்றையும் எடுத்துக்கொண்டு, வளைந்து வளைந்து ஏறுவார். வேலப்பனின் மனைவி பட்டம்மாள் அங்கே கூடையோடு எரியாத கரித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்.

“இன்னா சாயபு, நாங்க ஒரு நாளிக்கு எத்தினி வாட்டி ஏறி எறங்குறோம். நீ இன்னாத்துக்குச் சோறு கட்டிகினு வர்ற?”

“மேல போனா பசிக்கும்மா.”

“மேல போறதுக்குள்ள இன்னா, ரெண்டு ஊரா தாண்டுற?”

அமீருதீன் உச்சியில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டு, பக்குவமாகக் குதிகாலை ஊன்றி இறங்குவார். பட்டம்மாள் தலையில் கூடையோடு அவரைக் கடந்து ஓடிவிடுவார்.

அவருடைய நடைபாதைக் கடைக்குப் பெரிய கறுப்புக் குடை ஒன்றுதான் மறைப்பு. விழுந்தாலும் வலிக்காது என்பதால் குடையை மட்டும் அவர் கூரைகளின் கணக்கில் சேர்க்கவில்லை. 1951 மழைக்காலத்தில், துணி எடுக்க வந்த ஒரு பெண்மணி மழை விடும்வரை அந்தக் குடையின் கீழ் நிற்க நேர்ந்தது. அவர்தான் அஜீசுன்னிசா. கணவரை இழந்து, ராயபுரத்தில் அண்ணன் ரஷீது வீட்டில் இருந்தவர். பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கைக்காக அமீருதீனின் எரிமலைக் கதையைக் கிளப்பிவிட்டனர். எல்லோரும் சிரித்தனர். அஜீசுன்னிசா சிரிக்கவில்லை.

“உள்ள எட்டிப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“இன்னா இருந்துச்சு?”

“பொகை.”

“பொகையப் பாக்கவா அவ்ளோ தூரம் ஏறுனீங்க? எங்க வூட்டு அடுப்பாண்ட வந்திருந்தா ஒக்காந்த எடத்துலயே பாத்துருக்கலாமே?”

பதில் சொல்ல முடியாத கேள்வியை அதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை. மழை விட்டதும் கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பெண் கேட்டுவரும்படி அக்காளிடம் சொன்னார்.

அஜீசுன்னிசாவுக்குச் சம்மதம். மறுப்புக்குக் காரணம் காண ரஷீதாலும் முடியவில்லை. ரஷீது கப்பல் கயிறு விற்பவர்; வீட்டின்மேல் அப்போதுதான் புதிதாக ஒரு மாடிக் கூடம் எழுப்பிக்கொண்டிருந்தார். பேச்சை முடிப்பதற்காக அவரே காத்தூன் பீவி வீட்டு முற்றத்துக்கு வந்தார்.

“மலை ஏறுனவராமே நீங்க? பொகையுமாமே?”

“பொகையும்.”

“அப்போ எம்மாடி உங்களுக்கு எம்மாத்திரம்? மங்களூர் ஓடு போடப் போறேன். நிக்கா அங்கதான். ராயபுரமே வந்து அண்ணாந்து பாக்கணும்.”

அமீருதீன் அக்காளைப் பார்த்தார். காத்தூன் பீவிதான் மெதுவாகச் சொன்னார்.

“தம்பிக்கு ஓடு ஆவாதுங்க.”

“கத்திரிக்கா ஆவாதுன்னு கேட்டுகீறேன், கருவாடு ஆவாதுன்னு கேட்டுகீறேன். ஓடு ஆவாதுன்னு இப்பத்தாம்மா கேக்குறேன்! ஏன் மச்சான், நெருப்பு கக்குற மலை மேல ஏறுவீங்க, என் வூட்டு மாடி ஏற மாட்டீங்களா?”

“மலைக்கு எவனும் ஓடு போடல மச்சான்.”

ரஷீது எழுந்துவிட்டார். ஊருக்கெல்லாம் அவர் அந்தக் கூரையைச் சொல்லி வைத்திருந்தார். கூரையைப் பழித்தது அவரையே பழித்ததாயிற்று.

“மே மாசம் நாலாந்தேதி, ஞாயித்துக்கெழம, சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள வந்து என் ஓட்டுக்குக் கீழ குந்தணும். குந்தலன்னா இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சிது. சோடா கம்பெனிக்காரர் ஒருத்தர் ரெண்டு வருசமா கேட்டுகினுகீறாரு. அவரு கூரைக்குக் கீழதான் பொறந்தாரு, கூரைக்குக் கீழதான் வளந்தாரு!”

இவ்வாறாக 1952 மே 4 முடிவு நாளாயிற்று. அமீருதீன் உண்மையாகவே முயன்றார். குடைக்கு மேல் இன்னொரு குடை பிடித்துப் பார்த்தார். கீற்றுப் பந்தலின் கீழ் சிறிது நேரம் நின்றார், அது முடிந்தது. பிறகு வேலப்பன் ஓர் ஓட்டைக் கொண்டுவந்து அவர் தலைக்கு மேல் பிடித்தார். அமீருதீன் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

“பாத்தியா மாமு? ஒரு ஓட்டத் தாங்கிட்ட. ஆயிரம் ஓடு இன்னா பெரிசு?”

“இத்த நீ புடிச்சிகினுகீற வேலப்பா. அந்த ஆயிரத்தையும் யாரு புடிச்சிகினுகீறாங்க?”

வேலப்பன் ஓட்டைக் கீழே வைத்தார்.

குறித்த நாள் வந்தது. ஓடு போட்டு மூன்று நாளே ஆகியிருந்தது. மாடிக் கூடத்தில் விருந்தினர் நிறைந்திருந்தனர். திரைக்கு அப்பால் பெண்கள். வேலப்பனும் அவருடைய ஆட்களும் வெள்ளை வேட்டியில் ஒரு வரிசையாக அமர்ந்திருந்தனர். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அண்ணாந்து பார்த்து இரண்டு வார்த்தை சொல்ல, ரஷீது மகிழ்ந்துபோயிருந்தார். மாப்பிள்ளை பூமாலையும் குடையுமாக வந்து சேர்ந்தார். வெளிப்புறப் படிக்கட்டில் ஏறினார், நிலைப்படி வரை வந்தார், அங்கேயே நின்றுவிட்டார். முகமெல்லாம் வேர்வை.

நிக்காஹ் நடத்தி வைக்க வந்திருந்த ரோஷன் அலி ஹஜ்ரத் பொறுமைசாலி.

“அவரு அங்கயே நிக்கட்டும் ரஷீது. சாட்சிக்காரங்க அவரப் பாக்குறாங்க, அவரு சொல்றது எல்லாருக்கும் கேக்குது. எனக்கு இது ஒரே சபைதான்.”

“உங்களுக்கு ஒரே சபை ஹஜ்ரத். எனக்கு ஓட்டுக்கு உள்ள, ஓட்டுக்கு வெளிய, ரெண்டு சபை. அவரு உள்ள வரணும். இல்ல, அப்டியே எறங்கிப் போவணும்.”

அமீருதீன் ஒரு காலை உள்ளே வைத்தார். அண்ணாந்து பார்த்தார். காலை எடுத்துக்கொண்டார். மீண்டும் வைத்தார், மீண்டும் எடுத்தார். முன்வரிசையில் சோடா கம்பெனிக்காரர் தம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டதைப் பலரும் கண்டனர்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அஜீசுன்னிசாவின் குரல் வந்தது.

“அண்ணே, அவரு குந்துற எடத்துக்கு மேல மட்டும் ஓட்ட எடுத்துட்டா இன்னா? புரட்டாசில மழைக்கு முன்னாடி எடுத்து மாத்துறதுதானே?”

“வியாழக்கெழமதான்டி போட்டேன்!”

“அப்போ நல்லதாப் போச்சு. இன்னும் அழுந்தியிருக்காது, சுளுவா வரும்.”

விருந்தினர் சிரித்துவிட்டனர். கீழே அண்டாவில் பிரியாணி தயாராகிவிட்ட மணம் எழுந்துவந்தது. ஹஜ்ரத் ரஷீதின் தோளில் கைவைத்து, இரண்டு முழ அகலம் திறந்தால் போதும், மீதிக் கூரை அவருடைய பெருமைக்குக் குறையாமல் இருக்கும் என்று எடுத்துரைத்தார். ரஷீது பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

வேலப்பன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கூரைமேல் ஏறினார். அவருடைய ஆட்கள் கூரை விளிம்பிலிருந்து படிக்கட்டு வழியே தெரு வரையில் வரிசையாக நின்றனர். பழக்கம் அது, சரக்கு எதுவானாலும் கைக்குக் கை மாற்றித்தான் இறக்குவார்கள். வேலப்பன் முதல் ஓட்டைக் கொடுத்தபோது ஒருவர் குரல் எடுத்தார். மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினர். மாப்பிள்ளையின் இடத்துக்கு மேலிருந்த ஓடுகள் இமைப்பொழுதில் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த வரிசையும் போயிற்று.

“போதும்! போதும்!” என்றார் ரஷீது.

கீழே நின்றவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. கப்பலில் யார் போதும் என்றாலும் கை நிற்பதில்லை. மேலே இருக்கும் மேஸ்திரி கையை உயர்த்தினால்தான் நிற்கும். கப்பலின் அடித்தளம் தெரியும்வரை மேஸ்திரி கையை உயர்த்தியதும் இல்லை. பாதிச் சரக்கோடு விட்டு இறங்குவது அந்தக் கூட்டத்தில் யாரும் அறியாத வழக்கம். வேலப்பன் ரஷீதுக்கு முதுகைக் காட்டியபடி வரிசை வரிசையாகக் கழற்றிக்கொண்டே போனார். பாட்டு உச்சத்துக்கு ஏறியது. ரஷீதின் தலைக்கு மேல் வானம் அகன்றுகொண்டே வந்தது. மே மாதத்து வெயில் உள்ளே இறங்கிற்று. பெரியவர்கள் வெற்றிலைத் தட்டுகளைத் தலைமேல் பிடித்துக்கொண்டனர். கடைசி ஓடும் இறங்கிய பிறகே வேலப்பன் கையை உயர்த்தினார். திரும்பிப் பார்த்தார். தமக்குக் கீழே இருந்தது கப்பல் அன்று என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

தெருவில் மங்களூர் ஓடுகள் ஒன்றுகூட உடையாமல் அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

அமீருதீன் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். மணமகனுக்குரிய விரிப்பின் அருகே நின்று அண்ணாந்து பார்த்தார். ஓடு இல்லை. ஆனால் ஓடு தாங்கிய மரச்சட்டங்கள் வானத்தின் குறுக்கே கிடந்தன. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேலேயிருந்த வேலப்பன் உதவி செய்யும் எண்ணத்தோடு கேட்டார்.

“இத்தையும் எறக்கவா மாமு?”

ரஷீது தரையில் உட்கார்ந்துவிட்டார். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது; இம்முறை அது மாப்பிள்ளையை நோக்கி வந்தது.

“ஓடு போச்சு, சரி. கட்டை இருக்கும். அத்தையும் எடுக்கச் சொன்னா, நான் சோடாக்காரரையே கட்டிக்கிறேன்.”

சோடா கம்பெனிக்காரர் மீண்டும் காலரைத் தொட்டார். அமீருதீன் ஒருமுறை கண்ணை மூடித் திறந்து, மரச்சட்டங்களின் கீழ் உட்கார்ந்தார். ஒன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அவர் தலைக்கு மேல், யார் கையும் பிடித்திராத, விழுந்தால் வலிக்கக்கூடிய ஒரு பொருள் இருந்தது. ஹஜ்ரத் முறைப்படி கேட்டார். அமீருதீன் சம்மதித்தார், அந்தச் சொல்லை அவர் ஹஜ்ரத்தை நோக்கிச் சொல்லவில்லை, தலைக்கு நேர்மேலே இருந்த சட்டத்தை நோக்கிச் சொன்னார். சாட்சிகள் இருவரும் அது செல்லும் என்றனர்.

மறுநாள் ஓடுகளைத் திரும்ப ஏற்றித் தரும்படி ரஷீது வேலப்பனைக் கேட்டார். வேலப்பன் உண்மையிலேயே வருந்தினார்.

“ஏத்துறது எங்க வேல இல்ல பாய். நாங்க எறக்குற கேங்கு. ஏத்துற கேங்கு வேற. அவங்க வேலயில நாங்க கை வெச்சா பேஜாரா பூடும்.”

ஓடு வேய்பவரைக் கூப்பிட ரஷீதுக்கு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. அக்கோடையில் அவரும் குடும்பத்தாரும் மாடிக் கூடத்தில், கடற்காற்றில், வானத்தைப் பார்த்துக்கொண்டு உறங்கினர். நன்றாக இருக்கிறது என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. ஆனி மாதத்தில் முதல் மழை பெய்து பாய்கள் நனைந்த பிறகே ஓடுகள் மேலேறின.

அமீருதீனும் அஜீசுன்னிசாவும் டோல்கேட் சந்திலேயே கீற்று வேய்ந்த குடிசை ஒன்றில் குடியேறினர். ஓலை விழுந்தால் தட்டிவிட்டு எழுந்துவிடலாம் என்பதை இருவரும் ஒப்புக்கொண்டதால் அங்கே சச்சரவில்லை. சரக்கு வண்டிகளுக்கு அவர் ஓடுவதும் நிற்கவில்லை. அஜீசுன்னிசாவின் கையைப் பிடித்து இழுத்தபோது, அடுப்பில் பால் இருக்கிறது, தனியாக ஓடிவிட்டு வாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அன்றுமுதல் தனியாகவே ஓடினார்.

மைத்துனர்கள் இருவரும் நெடுநாள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு புரட்டாசியில், உடைந்த ஓடுகளை மாற்றுவதற்காகக் கூரை முழுவதையும் பிரித்திருந்த நாளில், ரஷீது ஆளனுப்பினார். “மேல ஒண்ணும் இல்ல மச்சான், சாப்ட வாங்க” என்பதே செய்தி. அமீருதீன் போனார். மரச்சட்டங்களின் கீழ் இருவரும் உண்டனர். எரிமலையின் உள்ளே உண்மையில் என்னதான் இருந்தது என்று ரஷீது அன்று முதன்முறையாகக் கேட்டார். அது முதல் ஆண்டுதோறும் ஓடு மாற்றும் நாளில் அங்கே அவருக்கு விருந்து. சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய ஓடு ஒன்றுகூட இல்லை. ஆயினும் ரஷீது கூரையைப் பிரித்தார்.

அமீருதீன் அந்த மாடிக்குக் கடைசியாக ஏறிச் சாப்பிட்டது 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை.